முதல்முறை வெளிச்சபையில் பிரசங்கிக்கப் போகும் பாப்டிஸ்ட் போதகருக்கு

சொந்தச் சபையில் இரண்டு மூன்று வருடம் பிரசங்கித்துப் பழகியதும் எங்கிருந்தாவது ஒரு அழைப்பு வரும். "ஒரு ஞாயிறு வந்து செய்தி கொடுங்கள்" என்றோ, "வாலிபர் முகாமில் மூன்று செய்தியும் நீங்கள்தான்" என்றோ. கேட்டதும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிரும், அதில் தப்பில்லை. ஆனால் வேதாகமக் கல்லூரியில் பிரசங்கம் தயாரிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள், இன்னொருவருடைய சபையில் போய் எப்படி நிற்பது, எப்படித் தங்குவது, எப்படித் திரும்பி வருவது என்று எனக்குச் சொல்லித்தரவில்லை. பல வருடம் பை தூக்கி அலைந்து, பல தடவை சொதப்பித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: நீங்கள் ஞாயிறு மாலை கிளம்பிவிடுவீர்கள், அந்தச் சபையின் போதகர் திங்கட்கிழமையும் அங்கேதான் இருப்பார். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், அழைத்தது யார்?

பாப்டிஸ்ட் சபைகளில் ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நிர்வகித்துக்கொள்கிறது. மேலே ஒரு பிஷப் இருந்துகொண்டு "இந்த ஞாயிறு அங்கே போ" என்று அனுப்புவதில்லை. யூனியன், கன்வென்ஷன், அசோசியேஷன் என்று எதில் சேர்ந்திருந்தாலும், தன் பிரசங்க பீடத்தில் யார் நிற்கலாம் என்பதை அந்தந்தச் சபையே தீர்மானிக்கிறது. இது நல்ல ஏற்பாடு, ஆனால் அழைப்பு சரியான இடத்திலிருந்துதான் வந்ததா என்று பார்த்துக்கொள்ளும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. வாலிபர் தலைவர் உற்சாகத்தில் ஃபோன் செய்திருப்பார், போதகரிடம் சொல்ல மறந்திருப்பார். எனக்கே நடந்திருக்கிறது. பையோடு போய் வாசலில் நின்றபோது அந்தச் சபைப் போதகர் மிகுந்த மரியாதையோடு, "ஐயா என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து, யார் அழைத்தாலும் அந்தச் சபைப் போதகரிடம் ஒரு வார்த்தை நேரடியாகப் பேசாமல் நான் தேதி கொடுப்பதில்லை.

போதகர் இல்லாத சபையிலிருந்து அழைப்பு வந்தால் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் புதிய போதகரைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அதற்கென்று ஒரு குழு இருக்கும். உங்களை விருந்தினராகக் கூப்பிடுகிறார்களா, அல்லது போதகராக வர வாய்ப்புள்ளவர் என்று பார்க்கக் கூப்பிடுகிறார்களா? இதைத் தெளிவாகக் கேட்காமல் போனால், நீங்கள் சாதாரணமாக ஒரு சங்கீதத்தைப் பிரசங்கித்துக்கொண்டிருப்பீர்கள், முன்வரிசையில் நான்கு பேர் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த விஷயம் உங்கள் சொந்தச் சபைக்கு அடுத்த வாரமே போய்ச் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது, உங்கள் சொந்தச் சபை

வெளியூர் அழைப்புக்குச் சரி சொல்வதற்கு முன்னால் உங்கள் மூப்பர்களிடமும் டீக்கன்களிடமும் பேசுங்கள். வருடத்தில் எத்தனை ஞாயிறு வெளியே போகலாம், அந்த நாளில் யார் செய்தி கொடுப்பார், அந்த வாரம் யாராவது இறந்துபோனால் யார் அடக்க ஆராதனையை நடத்துவார் என்று எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சில் "போய் வாருங்கள் பாஸ்டர்" என்பார்கள், ஆனால் நான்காவது பயணத்தில் முகம் மாறும்.

இந்த இழுபறி நமக்கு முன்பே இருந்ததுதான். 1792 அக்டோபரில் இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் தொடங்கியபோது, வில்லியம் கேரி இந்தியாவுக்குப் போனார், அந்த ஊர் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ஆண்ட்ரூ ஃபுல்லர் சங்கத்தின் செயலாளராக ஊரில் இருந்தார். இருந்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை, ஸ்காட்லாந்து வரை பலமுறை பயணம் செய்து, சபை சபையாகப் பிரசங்கித்துக் காணிக்கை திரட்டியவர் அவர்தான். ஆனாலும் 1815-இல் இறக்கும்வரை கெட்டரிங் சபையின் போதகர் பொறுப்பை விடவில்லை. அவருடைய உடல்நிலையும் அந்தச் சபையும் அதற்கு என்ன விலை கொடுத்தன என்று யோசித்தால், நமக்கு வருகிற ஆறு அழைப்பில் இரண்டுக்கு மட்டும் போவது அவமானமில்லை என்று தோன்றும்.

வீட்டில் மனைவியிடம் கேட்காமல் தேதி கொடுப்பவர்களுக்கு நான் தனியாக எதுவும் சொல்லப்போவதில்லை. அனுபவமே சொல்லிக்கொடுக்கும்.

போவதற்கு முன் கேட்க வேண்டியவை

வாசலில் பாப்டிஸ்ட் என்ற பெயர்ப்பலகை இருப்பதால் உள்ளே எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் தலைமையில் ஆரம்பித்த முதல் பாப்டிஸ்ட் கூட்டத்தில் தண்ணீரை ஊற்றித்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், முழுக்கு ஞானஸ்நானம் இங்கிலாந்தின் பாப்டிஸ்டுகளிடம் வழக்கத்துக்கு வந்தது அதற்கு ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தாரா, தேவன் தெரிந்துகொண்டவர்களுக்காக மட்டுமா என்பதில் அந்த நூற்றாண்டிலேயே இரண்டு பிரிவாகிவிட்டார்கள். நானூறு வருடத்தில் அந்த வேறுபாடுகள் கூடியிருக்கின்றனவே தவிரக் குறையவில்லை.

ஆகவே கேளுங்கள். எந்த வேதாகம மொழிபெயர்ப்பை வாசிக்கிறார்கள், செய்திக்கு எத்தனை நிமிடம், இப்போது ஏதாவது ஒரு வேதபுத்தகத்தைத் தொடர்ச்சியாகப் படித்துக்கொண்டிருக்கிறார்களா? அவர்கள் ரோமர் எட்டாம் அதிகாரத்தை இரண்டு மாதமாகப் படித்து வரும்போது நீங்கள் போய் அதே அதிகாரத்தை வேறு கோணத்தில் பிரசங்கித்தால் யாருக்கும் லாபமில்லை. செய்தியின் முடிவில் மக்களை முன்னுக்கு அழைக்கும் வழக்கம் உண்டா என்பது முக்கியமான கேள்வி. சில பாப்டிஸ்ட் சபைகளில் அழைப்பு கொடுக்காமல் முடித்தால் செய்தி பாதியில் நின்றதாக நினைப்பார்கள், வேறு சில சபைகளில் அழைப்பு கொடுத்தால் போதகர் நெளிவார். இரண்டுக்கும் அவர்களிடம் காரணம் இருக்கிறது. அதை மாற்ற உங்களை அழைக்கவில்லை.

அன்று திருவிருந்து உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். விருந்தினர் என்ற மரியாதைக்காக உங்களையே நடத்தச் சொல்வார்கள். சில சபைகளில் அந்தச் சபை அங்கத்தினர்கள் மட்டுமே பங்குபெறலாம், சில சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற எவரும், இன்னும் சில சபைகளில் விசுவாசி என்றால் போதும். நீங்கள் உங்கள் சபைப் பழக்கத்தில் "எல்லாரும் வாருங்கள்" என்று சொல்லிவிட்டால், பத்து வருடமாக அவர்கள் காத்துவந்த ஒழுங்கை அரை நிமிடத்தில் கலைத்தவர் ஆவீர்கள். நான் பெரும்பாலும், "ஐயா, திருவிருந்தை நீங்களே நடத்துங்கள், நான் ஜெபிக்கிறேன்" என்று ஒதுங்கிக்கொள்கிறேன்.

வேறு நாட்டுக்குப் போவதென்றால் விசா விஷயத்தை அழைத்தவர்கள் வாய்வார்த்தையில் விடாதீர்கள். "சுற்றுலா விசாவில் வாருங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று அன்பாகச் சொல்வார்கள். பல நாடுகளில் சுற்றுலா விசாவில் வந்து பொதுவில் பிரசங்கிப்பது விசா விதிகளை மீறுவதாகும். மாட்டிக்கொண்டால் உங்களைத் திருப்பி அனுப்புவதோடு முடியாது, அழைத்த சபையும் விசாரணைக்கு உள்ளாகும். தூதரகத்தில் எழுதிக் கேளுங்கள், அழைப்புக் கடிதத்தில் என்ன வேலைக்கு வருகிறீர்கள் என்பது உண்மையாக இருக்கட்டும். சத்தியத்தைப் பிரசங்கிக்கப் போகிறவர் குடியேற்ற அதிகாரி முன்னால் நின்று "சும்மா சுற்றிப் பார்க்க" என்று சொல்வதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

செய்தியைத் தயாரிப்பது

சொந்தச் சபையில் நன்றாகப் போன செய்தியையே எடுத்துக்கொண்டு போகலாமா? போகலாம். புதிதாக எழுதினால்தான் ஆவிக்குரியது என்று ஒன்றும் இல்லை. ஆனால் அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதில் உங்கள் சபைக்கு மட்டும் புரிகிற நகைச்சுவை இருக்கும், உங்கள் சபையில் யாரையோ மனதில் வைத்துச் சொன்ன கடிந்துகொள்ளுதல் இருக்கும். இரண்டையும் வெட்டுங்கள். குறிப்பாக அந்த இரண்டாவதை. விருந்தினர் கடிந்துகொண்டால், "நம்ம பாஸ்டர் இவரிடம் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்திருக்கிறார்" என்றுதான் சபை நினைக்கும். நீங்கள் போன பிறகு அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுவதாக இருந்தால் செய்தியைப் பாதியாக வெட்டுங்கள், இது கணக்கு. முப்பது நிமிடம் கொடுத்தால் உங்கள் வாய் திறந்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடம்தான். முந்தின நாளே அவரோடு உட்கார்ந்து வேதபகுதியையும் கடினமான சொற்களையும் பார்த்துவிடுங்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள், ஏனென்றால் பல மொழிகளில் வினைச்சொல் எங்கே வரும் என்பது மாறும், அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். எதுகை மோனையில் மூன்று தலைப்பு வைத்திருந்தால் அதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். வசன எண்களையும் சரிபாருங்கள். நம் வேதாகமத்தில் "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்பது சங்கீதம் 51:10. ஜெர்மன் லூத்தர் மொழிபெயர்ப்பில் அதே வசனம் 51:12, எபிரெய வேதாகமத்தைப் போல அங்கே சங்கீதத்தின் தலைப்பையும் வசனமாக எண்ணுகிறார்கள். நான் ஒருமுறை எண்ணைச் சொல்லிவிட்டுக் கம்பீரமாகக் காத்திருந்தபோது, சபை முழுவதும் வேறொரு வசனத்தை மிகுந்த பக்தியோடு வாசித்து முடித்தது.

பிரயாணமும் முந்தின மாலையும்

ஞாயிறு காலை ஆராதனைக்கு ஞாயிறு காலையில் போய் இறங்கும் வண்டியில் ஏறாதீர்கள். சனிக்கிழமையே போய்ச் சேருங்கள். வேதாகமம், செய்திக் குறிப்பு, மாற்றுச் சட்டை, மருந்து ஆகிய நான்கும் கையோடு இருக்கும் பையில். குறிப்பைக் கைப்பேசியில் வைத்திருந்தாலும் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிரசங்க பீடத்தில் வெளிச்சம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மாலையே ஆராதனைக் கூடத்தைப் போய்ப் பாருங்கள். 1857 அக்டோபரில் லண்டனின் கிரிஸ்டல் பேலஸில் பாப்டிஸ்ட் போதகர் ஸ்பர்ஜன் 23,654 பேருக்கு, மைக் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் பிரசங்கித்தார். அதற்கு ஓரிரு நாள் முன்பே போய், மேடையை எங்கே போடுவது என்று பார்ப்பதற்காக "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" என்ற வசனத்தை உரத்த குரலில் சொல்லிப் பார்த்தார். மேலே எங்கோ வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டு மனந்திரும்பியதாக ஸ்பர்ஜன் பிறகு சொல்லியிருக்கிறார். நாம் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்கிறோம், பரவாயில்லை. ஆனால் சோதித்துப் பார்ப்பதை விடாதீர்கள். எங்கே நிற்பது, குறிப்பை எங்கே வைப்பது, கடிகாரம் கண்ணில் படுகிறதா, வெளியே போகும் கதவுகள் எங்கே?

கதவு என்றதும் சிரிக்க வேண்டாம். அதே ஸ்பர்ஜன் அதற்கு ஒரு வருடம் முன்பு, 1856 அக்டோபர் 19 அன்று, சர்ரே கார்டன்ஸ் மியூசிக் ஹாலில் பேச ஆரம்பித்தபோது கூட்டத்தில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்தினார்கள். நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. வாலிபர் கூட்டத்தில் இருக்கை போதாமல் நடைபாதையிலும் நாற்காலி போடுவார்கள். வழி அடைத்திருந்தால் ஏற்பாட்டாளரிடம் சொல்லுங்கள், விருந்தினர் சொன்னால் எடுத்துவிடுவார்கள்.

சட்டையில் மாட்டும் மைக்கைப் பற்றி என் சொந்தச் சாட்சி. ஆராதனை தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, பக்கத்திலிருந்த டீக்கனிடம் குனிந்து, "இந்த ஊர்ப் பாஸ்டர் பெயர் என்ன சொன்னீர்கள்?" என்று ரகசியமாகக் கேட்டேன். மைக் ஏற்கெனவே உயிரோடு இருந்தது. சபை முழுவதும் ஒரே குரலில் பெயரைச் சொன்னது. அதிலிருந்து போதகர், அவர் மனைவி, மொழிபெயர்ப்பாளர், பாடல் நடத்துபவர் ஆகியோர் பெயரைக் குறிப்பின் முதல் பக்கத்தில் மேலேயே எழுதிவைக்கிறேன்.

ஆராதனையில்

கொடுத்த நேரத்துக்குள் முடியுங்கள். அவ்வளவுதான். இருபத்தைந்து நிமிடம் என்றால் இருபத்துநான்கு. ஆராதனை நீண்டுபோய் உங்களுக்குப் பதினைந்து நிமிடம்தான் மிஞ்சினால், பதினைந்தில் முடியும்படி எதை விடுவது என்று முன்கூட்டியே குறிப்பில் கோடு போட்டுவைத்திருங்கள். "நேரம் போதவில்லை" என்று மேடையில் நின்று சொல்வதிலேயே மூன்று நிமிடம் போய்விடும்.

வாலிபர் கூட்டமும் முகாமும்

இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அப்போஸ்தலர் 20-இல் துரோவா பட்டணத்து மேல்வீட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு, அநேக விளக்குகள், பவுல் பேசிக்கொண்டே இருக்கிறார், ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். லூக்கா அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள், பவுல் நெடுநேரம் பேசினார் என்றுதான் எழுதுகிறார். பவுல் அதற்கப்புறமும் விடியும்வரை பேசினாரே என்று வாதாடலாம். விழுந்தவனை உயிரோடு எழுப்ப முடிந்தவர்கள் விடியும்வரை பேசட்டும், மற்றவர்கள் இருபது நிமிடத்தில் நிறுத்துவது நல்லது.

முகாமில் பொதுவாக மூன்று நான்கு செய்தி கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு, ஒவ்வொரு தலைப்புக்கும் பத்து வசனம் என்று அள்ளிக்கொண்டு போகாதீர்கள். யோனாவின் நான்கு அதிகாரத்தை நான்கு செய்தியாக எடுங்கள், அல்லது கெட்ட குமாரன் உவமை ஒன்றையே மூன்று நாள் பாருங்கள், ஒரு நாள் இளையவன், ஒரு நாள் மூத்தவன், ஒரு நாள் தகப்பன். வீட்டுக்குப் போன பிறகு அவர்களுக்கு ஞாபகம் இருப்பது ஒரு பகுதிதான், அந்த ஒன்றை ஆழமாகக் கொடுத்துவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வருகிற வேளையில் செய்தி கொடுக்கச் சொன்னால், அதைக் கலந்துரையாடலாக மாற்றித் தரும்படி ஏற்பாட்டாளரிடம் பணிவாகக் கேளுங்கள். வாலிபர்கள் பேசுவது போலவே பேசிக்காட்ட முயற்சி செய்யாதீர்கள். நீங்கள் கற்றுக்கொண்டு வந்த சொல் போன வருடமே அவர்களுக்குப் பழசாகிவிட்டிருக்கும்.

முகாமில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் கேள்விப் பெட்டி. பெயர் எழுதாமல் ஒரு சீட்டில் கேள்வியை எழுதிப் போடச் சொல்லுங்கள், முதல் நாள் இரவே பெட்டியை வையுங்கள், கடைசி நாள் திறக்கலாம். பெரிய வேதசாஸ்திரக் கேள்விகள் வரும் என்று எதிர்பார்த்துத் தயாராகிப் போவோம். ஒருமுறை எட்டாக மடித்த ஒரு சிறு சீட்டில், பென்சிலால், அழித்து அழித்து எழுதியிருந்தது: "ஜெபிக்கும்போது எனக்குத் தூக்கம் வருகிறது. அப்படியென்றால் நான் இரட்சிக்கப்படவில்லையா?" நான் கெத்செமனேயில் தூங்கிய மூன்று சீஷர்களைப் பற்றி வாசித்தேன், ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது என்று இயேசு அவர்களிடம் சொன்னதையும் சேர்த்து. பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை சட்டென்று கண்ணைத் துடைத்தாள். அவள்தான் எழுதினாளா என்று தெரியாது, கேட்கவும் கூடாது. கேள்விகளை எல்லார் முன்னிலையிலும் திறப்பதற்கு முன்னால் வாலிபர் தலைவரோடு உட்கார்ந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். சில சீட்டுகள் மேடைக்கானவை அல்ல, உடனே கவனிக்க வேண்டியவை.

கடைசி இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் தூக்கம் இல்லை, நண்பர்களைப் பிரியப் போகிறோம் என்ற பாரம், மெதுவான இசை, மங்கலான விளக்கு. இந்த நிலையில் "யார் கர்த்தருக்காக எழுந்து நிற்பீர்கள்?" என்றால் ஏறக்குறைய எல்லாரும் நிற்பார்கள். நான் கடைசி இரவில் அழைப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டேன், நடு நாள் காலையில், விளக்கெல்லாம் எரியும்போது, இசை இல்லாமல் கொடுக்கிறேன். எண்ணிக்கை குறைகிறது. வருகிறவர்களோடு அடுத்த நாளும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிறது. இதில் என்னோடு ஒத்துப்போகாத நல்ல ஊழியர்கள் உண்டு.

எண்ணிக்கை என்று வந்தபிறகு: 1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் பில்லி கிரகாமும் அவருடைய குழுவினரும் உட்கார்ந்து சுவிசேஷகர்கள் விழுகிற குழிகளைப் பட்டியல் போட்டு, நான்கு காரியங்களில் தீர்மானம் எடுத்தார்கள். பணத்தில் கணக்கு, மனைவியல்லாத பெண்ணோடு தனித்திருக்காமை, உள்ளூர்ச் சபைகளைக் குறை பேசாமை, கூட்டத்தின் எண்ணிக்கையை மிகைப்படுத்தாமை. அவர்கள் பேசியது பெரிய சுவிசேஷக் கூட்டங்களைப் பற்றி, ஆனால் நாற்பது பேர் முகாமுக்கும் நான்கும் பொருந்தும். நாற்பது பேர் வந்திருந்தால் நாற்பது என்றே சொல்லுங்கள். "ஏராளமானோர்" என்று எழுதாதீர்கள்.

முகாமில் ஏரியோ ஆறோ பக்கத்தில் இருந்தால் இன்னொரு சோதனை வரும். மனந்திரும்பிய உற்சாகத்தில் நான்கு பிள்ளைகள் வந்து, "பாஸ்டர், இப்போதே ஞானஸ்நானம் கொடுங்கள், எத்தியோப்பிய மந்திரி வழியிலேயே வாங்கினானே" என்பார்கள். வசனத்தோடு வருவார்கள், மறுப்பது கஷ்டம். மறுத்துவிடுங்கள். பாப்டிஸ்டுகளாகிய நமக்கு ஞானஸ்நானம் விசுவாச அறிக்கை மட்டுமல்ல, ஒரு சபையோடு இணைவதும்கூட. அந்தப் பிள்ளையின் சாட்சியைக் கேட்டு, அதன் வாழ்க்கையைப் பார்த்து, பெற்றோரோடு பேசி, தண்ணீரில் இறக்க வேண்டியது அதன் சொந்தச் சபை. "உங்கள் பாஸ்டரிடம் போய் இதையே சொல்லுங்கள், நான் அவருக்கு இன்றே ஃபோன் செய்கிறேன்" என்று சொல்லி, உண்மையிலேயே ஃபோன் செய்யுங்கள்.

இனி கண்டிப்பான ஒன்று. பதினெட்டு வயதுக்குட்பட்டவரோடு மூடிய அறையில் தனியாகப் பேசாதீர்கள், ஆணானாலும் பெண்ணானாலும். மற்றவர்கள் பார்க்கிற இடத்தில், ஆனால் பேச்சு காதில் விழாத தூரத்தில் உட்காரலாம். தனிப்பட்ட எண்ணைக் கொடுத்து இரவில் வாட்ஸ்அப்பில் ஆலோசனை சொல்லும் பழக்கம் வேண்டாம். சபைக்கோ முகாமுக்கோ பிள்ளைகள் பாதுகாப்பு விதிமுறை இருந்தால் முதல் நாளே வாங்கி வாசியுங்கள், இல்லையென்றால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். ஒரு பிள்ளை "யாரிடமும் சொல்லமாட்டீர்கள்தானே?" என்று ஆரம்பித்தால் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "உனக்கு ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவரிடம் நான் சொல்லியாக வேண்டும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். தனக்கு நேர்ந்த கொடுமையை அந்தப் பிள்ளை சொன்னால் நம்பிக் கேளுங்கள், துருவித் துருவி விசாரிக்காதீர்கள், சொன்ன வார்த்தைகளையே அன்றே எழுதிவைத்து, பொறுப்பாளரிடமும் அந்த இடத்துச் சட்டப்படி சொல்ல வேண்டிய அதிகாரிகளிடமும் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் சபையின் பெரிய மனிதராக இருந்தாலும் சரி, உங்களை அழைத்தவராகவே இருந்தாலும் சரி. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள்.

தங்கும் இடத்தில்

விசுவாசியின் வீட்டில் தங்கினால் அவர்களுடைய பிள்ளை தன் அறையை உங்களுக்காகக் காலி செய்திருக்கும். அறையைப் பெற்றுக்கொண்ட விதமாகவே திருப்பிக் கொடுங்கள், அந்தப் பிள்ளைக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்றால் வெட்கப்படாமல் கேட்டுவிடலாம், பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் உண்மையான சோதனை இரவு பத்து மணிக்கு வரும். எல்லாரும் எழுந்து போன பிறகு ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார், நாற்காலியைக் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போடுவார், "பாஸ்டர், உங்களைப் பார்த்ததும் மனசு விட்டுப் பேசலாம் என்று தோன்றியது" என்பார். அடுத்த வார்த்தை அவர்கள் சபைப் போதகரைப் பற்றியதாக இருக்கும். இதற்கு என்னிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது: "இதை அவரிடமே சொன்னீர்களா?" சொல்லவில்லை என்றால், "நாளைக் காலை நாம் இருவரும் சேர்ந்து போய்ச் சொல்லலாமா?" என்று கேட்பேன். இதுவரை யாரும் வரவில்லை. (பணத்திலோ பிள்ளைகளிடமோ பெண்களிடமோ தவறு நடந்ததாகச் சொன்னால் கதை வேறு, அதை இப்படித் திருப்பி அனுப்பக்கூடாது, மேலே சொன்ன மாதிரி உரியவர்களிடம் கொண்டுபோக வேண்டும்.)

பணம்

இதைப் பேச எல்லாருக்கும் கூச்சம், அதனால்தான் மனஸ்தாபம் வருகிறது. அழைப்பை ஏற்கும்போதே பயணச் செலவு ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் உங்கள் சபை ஏற்குமா என்று பேசி முடிவு செய்யுங்கள். செய்திக்கு இவ்வளவு என்று விலை வைக்காதீர்கள். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று லூக்கா 10-இல் இயேசு சொன்னது உண்மைதான், அதே மூச்சில் வீட்டுக்கு வீடு போகாதிருங்கள் என்றும் சொன்னார். ஆதிச் சபையின் டிடாக்கே என்ற ஒழுங்குநூல் இதில் இன்னும் கறார். வழிப்பயணமாக வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி, கிளம்பும்போது பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. ஏறக்குறைய பத்தொன்பது நூற்றாண்டுக்கு முன்பே பயணப் பிரசங்கிகளால் சபைகள் எவ்வளவு அடிபட்டிருந்தால் இப்படி எழுதிவைத்திருப்பார்கள்!

கையில் உறை கொடுத்தால் நன்றி சொல்லி வாங்குங்கள், அங்கேயே பிரிக்காதீர்கள், எவ்வளவு இருந்தாலும் முகத்தில் காட்டாதீர்கள். தேதியோடு கணக்கில் எழுதுங்கள். பல நாடுகளில் அது வரிக்குரிய வருமானம், கணக்கரிடம் கேட்டுக்கொள்ளலாம். யாராவது தனியாக ஓரத்தில் அழைத்து உங்கள் ஊழியத்துக்கென்று பெரிய தொகை கொடுத்தால், அதைப் போதகருக்குத் தெரிய வையுங்கள். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது பவுலே தனியாகக் கொண்டுபோகவில்லை, குற்றம் சாட்ட இடம் வராதபடி சபைகள் நியமித்தவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். மேடையில் நின்று உங்கள் சபைக் கட்டடத்துக்குக் காணிக்கை கேட்பது, கூட்டத்தின் ஃபோன் எண்களைத் திரட்டிக்கொண்டு வந்து பிறகு ஜெபக் கடிதம் அனுப்புவது, இரண்டும் அந்தச் சபையின் அனுமதி இல்லாமல் கூடாது.

திரும்பி வந்த பிறகு

போதகருக்கும் தங்கிய வீட்டாருக்கும் தனித்தனியாக நன்றி எழுதுங்கள், இரண்டே வரி போதும். மனந்திரும்பியவர்கள், ஞானஸ்நானம் கேட்டவர்கள் பெயர்களைப் போதகரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். உங்கள் டீக்கன்களுக்குப் போன பயணத்தைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லுங்கள், செலவுக் கணக்கோடு.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, சபை, வேதபகுதி, சொன்ன உதாரணக் கதைகள், இந்த நான்கையும் வண்டியில் திரும்பும்போதே எழுதிவிடுங்கள். நான் இதை ஏழு வருடம் கழித்துத்தான் ஆரம்பித்தேன். ஒரு சபையில் மூன்றாவது முறையாகப் போய், கிணற்றுக்குள் விழுந்த ஆட்டுக்குட்டியின் கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், முன்வரிசையில் வெள்ளைத் தலைமுடியோடு ஒரு அம்மாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எனக்கு அரை நொடி முன்னதாக உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "போன தடவை ஆட்டுக்குட்டி கறுப்பு நிறம் என்றீர்கள், பாஸ்டர்."